மூன்றாய் ஒடிந்த குழல்

லெங்ஷுவின் குடிசைக்கும் என் குடிசைக்கும் நடுவே ஒரு பன்றி படுக்கும் அளவு இடம்தான். அதில் எப்போதும் ஒரு பன்றி படுத்திருக்கும். அதனால் அங்கே நடந்ததையெல்லாம் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பன்றியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாணலில் மண் பூசிய சுவர். மழை முடிந்தால் பூச்சு உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசு என்று என் புருஷன் பாங்கோவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

லெங்ஷு எங்கள் ஊர்க் குழல்காரன். தானாகச் செத்து விழுந்த நாரையின் இறக்கை எலும்பில் ஏழு துளை போட்ட குழல். ஊரில் யார் போனாலும் அவன் குழிமேட்டில் நின்று ஊதிய பிறகுதான் மண் போடுவோம். போன பனிக்காலம் என் சின்னவளுக்கும் ஊதினான். நன்றாகத்தான் ஊதினான். அதைப் பற்றி இதற்குமேல் சொல்லப் போவதில்லை.

அவனுக்கு ஒரு வியாதி உண்டு. காது. நாய் குரைத்தாலும் குறை, சாடி மூடி சரிந்தாலும் குறை. பாங்கோ இங்கே தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "ரெண்டாவது தும்மல் ஒரு படி இறங்கிருச்சு மாமா." பாங்கோ அதற்குப் பயந்து தும்மலை அடக்கி, மூக்கில் ரத்தம் வரவைத்துக்கொண்டதும் உண்டு. நல்ல மனுஷன்தான் லெங்ஷு. அடிக்க மாட்டான், திருட மாட்டான், பொய் சொல்லத் தெரியாது. இப்படிப்பட்டவனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது எத்தனை கஷ்டம் என்று அவன் பெண்டாட்டி யாமெய்யைக் கேட்டால் தெரியும்.

யாமெய் ஏரிக்கு அக்கரையிலிருந்து வந்தவள். அரைகல் முன்னால் உட்கார்ந்தால் பாட்டு வந்துவிடும் அவளுக்கு. குரல் நல்ல குரல். பாட்டுதான் வழி தவறிய பன்றிக்குட்டி மாதிரி அங்கும் இங்கும் போகும். எங்களுக்கெல்லாம் அது பழகிவிட்டது. அவனுக்குப் பழகவில்லை.

நெல் முற்றிச் சாய்ந்திருந்த சமயம். காலையில் அவள் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் என் சுவரோரமாக வேலையாக இருந்தேன்.

"மூணாவது அடி இறங்குது," என்றான் லெங்ஷு.

"இறங்கட்டும்."

"நேத்தும் அங்கதான் இறங்குச்சு."

"நேத்தும் நான்தான்யா அரைச்சேன். நீ வந்து அரை, ஏறுதான்னு பாப்போம்."

"அரைக்கறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? காது இருக்கில்ல?"

"காது இருக்கு. கையில குழவியும் இருக்கு."

அத்தோடு விட்டிருக்கலாம். வேறு எந்தப் புருஷனும் விட்டிருப்பான். இவன் குழலை எடுத்து அந்த மூன்றாவது அடியை ஊதிக் காட்டினான். "இப்படி," என்று சொல்லிப் பாயில் வைத்தான். அவள் மறுபடி பாடினாள், வேண்டுமென்றே இன்னும் கீழே இறக்கி. அவன் மறுபடி எடுத்து ஊதி, மறுபடி "இப்படி" என்று வைத்தான். அவள் குழவியைத் தூக்கிப் போட்டாள்.

அவன் மேல் போடவில்லை. அதை நான் எந்த இடத்திலும் சொல்லுவேன். தரையில், சத்தம் வரட்டும் என்று, எல்லாப் பெண்களும் போடுகிற மாதிரிதான் போட்டாள். ஆனால் குழவி உருண்டைக் கல். உருண்டது. பாய்ப்பக்கம் போயிற்று. பெரிய சத்தம்கூட இல்லை. காய்ந்த சுள்ளியை மிதித்தது போல ஒன்று.

குழல் மூன்று துண்டு.

லெங்ஷு மூன்றையும் பாயிலிருந்து பொறுக்கி எடுத்தான். பிறகு அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு பன்றி எழுந்து ஓடியது. ஊரே வெளியே வந்தது. யார் யாருக்குச் சொன்னது என்றெல்லாம் கேட்க வேண்டாம். அவனே சொல்லிவிட்டான், அந்த ஒரு சத்தத்தில்.

முதலில் வந்து நின்றவள் குவே. செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறவள் அவள்தான்; ஆமையோட்டுக்குள் கூழாங்கல் போட்டுச் செத்தவர் காதருகே ஆட்டி, ஆள் போய்விட்டாரா இல்லையா என்று முடிவு சொல்லுகிறவள். என் வயதுக்காரி. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தாமரை விதை திருடித் தின்றவர்கள். அந்த வேலைக்கு அப்போதே அவளைத்தான் எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. எனக்கு வாய் அதிகம். செத்தவர்கள் பதில் பேச மாட்டார்கள், எனக்குச் சலித்துப் போயிருக்கும்.

குவே துண்டுகளைப் பார்த்தாள். யாமெய்யைப் பார்த்தாள். பிறகு லெங்ஷுவைப் பார்த்தாள், அதிக நேரம்.

அவள் எதை நினைத்தாள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். குழலும் குழல்காரனும் ஒரே குழி. எங்கள் ஊரில் அப்படித்தான். அவன் செத்தால் குழலை அவன் காலோரமாக வைத்து மூடுவோம். வேறு யாரும் அதை வாயில் வைக்கக் கூடாது. தனியாக ஒன்றை விட்டால் அது மற்றதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்; மற்றது வராவிட்டால் அந்தச் சத்தம் கேட்ட வேறு யாராவது செத்துப் போவார்கள். ஆள் முன்னால் போவதும் குழல் பின்னால் போவதுமாகவே இத்தனை காலம் நடந்ததால், அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. குழல் முன்னால் போய் யாரும் பார்த்ததில்லை.

மதியம் சூளைப்பக்கம் எல்லோரும் கூடினோம். சூளை சூடாக இருக்கும், குளிருக்கு இதம். ஆளின் உயிரைப் பற்றிப் பேச வந்தவர்கள் முதுகைக் காட்டிக் குளிர்காய இடம் பிடிப்பதில் கொஞ்சம் தள்ளுமுள்ளு ஆயிற்று.

"குழலை மட்டும் புதைச்சிட்டா என்ன?" என்று கேட்டது யாமெய்யின் தம்பி தோவு. அக்காவோடு கூடவே வந்து எங்கள் ஊரில் தங்கிவிட்ட வாத்துப் பிடிக்கிறவன். நாணலுக்குள் உட்கார்ந்து வாத்து மாதிரி கத்தினால் வாத்தே வெட்கப்படும்.

"புதைக்கலாம்," என்றாள் குவே. "அது உள்ள கிடந்து கூப்பிடும். இவன் மேல உட்கார்ந்து சோறு தின்னுட்டிருப்பான். அப்ப யாரு போறது?"



"ஒரு விரலை வெட்டி வச்சா?" என்றான் பாங்கோ. என் புருஷனுக்கு அவ்வப்போது இப்படி யோசனை வரும். "ஊதுறது விரல்தானே?"

"ஊதுறது வாய் மாமா," என்றான் லெங்ஷு, தலை தூக்காமல். "விரல் மூடுறது, அவ்வளவுதான்." தன் உயிருக்குப் பேரம் நடக்கும்போதும் அவனால் திருத்தாமல் இருக்க முடியவில்லை.

குவே மெதுவாகச் சொன்னாள்: "போன பனிக்காலம் பிள்ளைங்க போச்சு. ஏன்னு நமக்குத் தெரியாது. இந்தப் பனிக்காலம் ஏன்னு தெரிஞ்சே போகணுமா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு இன்னும் ஒரு பையன் இருக்கிறான். நான் வழக்கமாக எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பேன். அன்று சூளைப்பக்கம் திரும்பிக் குளிர்காய்ந்தேன்.

அப்போது யாமெய் எழுந்து நின்றாள். கையில் இன்னும் மாவு. "செத்துருச்சுன்னு யாரு சொன்னது?" என்றாள். "ஒடிஞ்சிருக்கு. கை ஒடிஞ்சவனையெல்லாம் குழியிலயா போடறீங்க? கட்டுப் போடறதில்ல? நான் கட்டறேன். அப்புறம் ஊதிப் பாருங்க."

"ஊதுனா சத்தம் வரும். மண்சாடி வாயில ஊதினாலும் வரும்," என்றாள் குவே. "உயிரோட இருக்கான்னு நான் எப்படி நம்பறது?"

"நாரை சொல்லட்டும்," என்றாள் யாமெய்.

அது நல்ல பதில். குவேகூடத் தலையாட்டினாள். வருஷாவருஷம் நாரைகள் வடக்கிலிருந்து இறங்கியதும் லெங்ஷு கரையில் நின்று ஊதுவான்; ஒரு நாரையாவது திருப்பிக் கூப்பிடும்; அதன் பிறகுதான் நாங்கள் குளிர்காலத் தானியக்குழிகளைத் திறப்போம். நாரையின் எலும்பு, நாரைக்குத் தெரியாதா? இந்த வருஷம் நாரை பதில் சொன்னால் குழல் உயிரோடு இருக்கிறது. சொல்லாவிட்டால் குழல் செத்தது, லெங்ஷுவும் கூடப் போக வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டதும் பசி எடுத்தது, கலைந்தோம்.

அதன் பிறகு நான் அடிக்கடி நெருப்பு வாங்கப் போனேன். என் அடுப்பு அணைந்திருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

யாமெய் அரைப்பதை நிறுத்திவிட்டாள். ஊசிமுனை மாதிரி ஒரு வெள்ளைக் கல்லை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டி, உடைந்த ஓரங்களில் சின்னச் சின்னத் துளைகள் போட்டாள். எறும்பு நுழையும் துளைகூட இல்லை. எலும்பு காய்ந்து கிடந்தது. கொஞ்சம் அழுத்தினால் பிளக்கும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் உருட்டினாள். பிறகு சணலை எச்சில் தொட்டு முறுக்கி, துளைக்குத் துளை கோத்து, மூன்று துண்டையும் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினாள். விரிசலில் மீன்பசை. பார்க்க, அடிபட்ட நாயின் கால் மாதிரி இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கும் இங்கிதம் உண்டு.

லெங்ஷு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் அந்தக் காலையைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. நான் கேட்காதது நடந்திருக்க வாய்ப்பில்லை.

பசை காய்ந்ததும் ஊதினான். காற்று போயிற்று. மறுபடி பசை. மறுபடி ஊதினான். இப்போது சத்தம் வந்தது. எனக்கு அது அதே குழல்தான். பாங்கோவுக்கும் அதே குழல்தான். ஆனால் பாங்கோவுக்கு நாரையும் தவளையும் ஒன்றுதான்.

"கடைசித் துளை," என்றான் லெங்ஷு. "அது தூக்கலா இல்ல. அமுங்கிருக்கு."

"எவ்வளவு?"

"ஒரு மயிரளவு."

"மயிரளவு யாருக்குய்யா தெரியப் போவுது?"

அவன் பதில் சொல்லாமல் அவளையே பார்த்தான். அவள் கல்லை எடுத்தாள். கடைசித் துளைக்குப் பக்கத்தில், ஓரமாக, கண்ணுக்கே தெரியாத இன்னொரு துளை போட்டாள். இரண்டு பேர் முகமும் அந்த எலும்பின் மேல் கவிழ்ந்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட இவர்களை இத்தனை நெருக்கமாக நான் பார்த்ததில்லை.

அவன் ஊதினான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"கிட்ட வந்திருக்கு," என்றான்.

"கிட்டன்னா?"

"கிட்டன்னா கிட்டதான், யாமெய். நீ நல்லாத்தான் செஞ்சிருக்க."

அவன் யாரையும் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. யாமெய்க்கு முகம் வெளுத்துவிட்டது. கிட்ட என்றால் அதே இல்லை; நாரைக்கு அது தெரிந்துவிடும். நெருப்பை மறந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

அவள் அதற்குப் பிறகுதான் தோவுவைப் பார்க்கப் போனாள். நீர்க்கரையில், வலை காயப்போடும் இடத்தில். நான் அங்கே கீரை பறிக்கப் போயிருந்தேன். அந்தப் பருவத்தில் அங்கே கீரை கிடையாது என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும்.

"நாரை மாதிரி உனக்கு வருமாடா?" என்றாள் யாமெய்.

தோவு சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "வரும்க்கா. ஆம்பள மாதிரியா, பொம்பள மாதிரியா?"

"பதில் சொல்ற மாதிரி."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது. தெரிஞ்சா உன்னை உட்கார வச்சு நாள் பூரா கத்தச் சொல்லிப் பழக்கிக் குடுப்பான். அப்புறம் குவேகிட்டயே போய், இவன் இன்னும் தேறலன்னு சொல்லிட்டு வருவான்."

தோவு மறுபடி சிரித்தான். இந்தமுறை அவளும் சிரித்தாள். பாவிகள், இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் இல்லாத கீரையைப் பறித்துக்கொண்டு இருந்தேன். இதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பாங்கோவிடம்கூட.

நாரைகள் இறங்கின. சிவப்பு உச்சி, கறுப்புக் கழுத்து, வீட்டு வாசல் உயரம். ஆழமில்லாத தண்ணீரில் அங்கங்கே நின்று, எங்களை மதிக்காமல் மீன் பொறுக்கின. குவே நாள் சொன்னாள். காலையில் ஊரே கரைக்கு வந்தது. பனி பெய்து நாணலின் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. எல்லோரும் உள்ளதில் நல்ல தோலைப் போர்த்தி வந்திருந்தார்கள். நானும்தான்.

லெங்ஷு முன்னால் போய் நின்றான். யாமெய் அவனுக்குப் பின்னால். குவே அவனுக்குப் பக்கத்தில், ஆமையோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. நான் எங்கே நின்றிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை, நன்றாகக் கேட்கிற இடத்தில்.

ஊதினான். தண்ணீருக்கு மேலே அந்தச் சத்தம் போயிற்று. நல்ல சத்தம். நாரைகள் தலை தூக்கின. ஒன்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு குனிந்து மீனைப் பொறுக்கியது.

மறுபடி ஊதினான். நாரைகள் தலை தூக்கக்கூட இல்லை.

யாமெய்யின் கை அவள் துணியைப் பிடித்திருந்தது. குவே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்கும் இது பிடிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மூன்றாம் தடவை ஊதினான். ஊதி முடித்து எடுத்த மூச்சு அடங்குவதற்குள், வலப்பக்க நாணலுக்குள்ளிருந்து ஒரு கூவல் எழுந்தது. நீளமாக, உரக்க, கடைசியில் இரண்டாகப் பிரிந்து. என் முதுகில் மயிர் சிலிர்த்தது. எனக்கே தெரிந்தும் சிலிர்த்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. யாரோ அழுதார்கள். குவேயின் தோள்கள் தளர்ந்தன. அவள் வாய் ஏதோ நல்ல வார்த்தை சொல்லத் திறந்தது.

லெங்ஷு குழலைத் தாழ்த்தினான். முகத்தைச் சுளித்தான். அரைகல் பக்கம் யாமெய்யைப் பார்த்துச் சுளிக்கிற அதே சுளிப்பு.

"இது தொண்டையிலேர்ந்து வருது," என்றான். "நாரை நெஞ்சுலேர்ந்து கூப்பிடும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது.

நாணலுக்குள் தோவுவுக்கு அது கேட்டதோ என்னவோ, குளிர்த் தண்ணீரில் விடியலிலிருந்து உட்கார்ந்திருந்தவன் இருமிவிட்டான். பாங்கோ சிரித்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை; வந்துவிட்டது. இரண்டு பேர் போய்த் தோவுவை இழுத்துவந்தார்கள். இடுப்புவரை சேறு, உதடு நீலம்.

லெங்ஷு திரும்பி யாமெய்யைப் பார்த்தான். "எனக்குச் சொல்லியிருக்கலாம்ல," என்றான்.

"சொல்லியிருந்தா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "இன்னும் நல்லா கத்த வச்சிருப்பேன்," என்றான்.

குவே சொன்னாள்: "நீயே சொல்லிட்ட லெங்ஷு. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு நாரையாத்தான் கேட்டுச்சு." அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "உனக்கு என்ன கேடு, வாய மூடிட்டு நின்னா?"

அவனுக்கு அதுதான் கேடு.

குழி வெட்டுகிற வேலையைத் தோவுவுக்குக் கொடுத்தார்கள். ஊரை ஏமாற்றியதற்கு அது போதும் என்றார்கள். அடிக்க வேண்டாம் என்று பெருந்தன்மையாகவும் சொன்னார்கள். மாட்டேன் என்று மண்வெட்டும் கல்லைத் தூக்கி எறிந்தான் அவன். லெங்ஷு போய் அதை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தான். "வேற எவனாவது வெட்டினா கோணலா வெட்டுவான்," என்றான்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அப்பால் யாமெய் பேசுவது கேட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சு விடாமல் கேட்டோம், பன்றி உட்பட.

"ஓடம் இருக்கு. எங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம். இங்க இருந்து யாரும் தேடி வரமாட்டாங்க. குவேயே வரமாட்டா."

"அங்க போய்?"

"அங்க போய் மீன் பிடி. வலை பின்னு. சும்மா இரு. எத்தனை பேரு சும்மா இருக்கான்."

"அது இங்க மண்ணுல கிடந்து கூப்பிட்டுட்டே இருக்கும், யாமெய்."

"கூப்பிடட்டும். அக்கரைக்குக் கேக்காது."

"எனக்குக் கேக்கும்," என்றான். "நீ அரைக்கறதே எனக்குக் கரை வரைக்கும் கேக்குது." கொஞ்சம் பொறுத்து, "பக்கத்து வீட்டுப் பையனுக்கும் கேட்டுச்சுன்னா என்ன பண்றது?"

பக்கத்து வீடு என்றால் என் வீடு. என் பையன் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். நான் எழுந்து போய் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதெல்லாம் ஒன்றும் கேட்காது, போய்த் தொலையுங்கள் என்று. அது என் பையனுக்குக் கேட்காது என்ற நம்பிக்கை இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கும் இல்லை. லெங்ஷுவுக்கே இல்லை. இருந்திருந்தால் அவன் இரவோடு இரவாகத் துடுப்பு போட்டிருப்பான்.

சுவரின் ஓட்டையில் துணியை அடைத்தேன். முதல் தடவையாக.

குழி சவக்காட்டில், பழைய குழல்காரர்களின் வரிசையில். காலை வெயில் இருந்தது. அரிசியும் தேனும் காட்டுச் சிவப்புப்பழமும் போட்டுப் புளிக்கவைத்த சாடியைக் குவே கொண்டுவந்தாள், விசேஷத்துக்கு எடுப்பதிலும் கெட்டியான மது. அவனுக்கு நினைவு தப்பிய பிறகுதான் மண் என்று பேச்சு. லெங்ஷு குழியில் இறங்கி, படுத்துப் பார்த்து, தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும் என்றான். தோவு மண்ணை அள்ளி வைத்தான். யாமெய்யும் உள்ளே இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதை யாரும் தடுக்கவில்லை.

"நான்தான் உடைச்சேன்," என்றாள் யாமெய், குவேயை அண்ணாந்து பார்த்து. "என்னைப் போட்டா ஆகாதா?"

"அது உன்னைக் கூப்பிடாதும்மா," என்றாள் குவே.

கிண்ணம் கிண்ணமாகக் குடித்தான். முதலில் பேசினான். குழலைக் காலுக்கு வெளிப்பக்கமாக வை என்றான். கட்டுப்போட்டதை உள்பக்கம் வைத்தால் குத்தும் என்றான். தோவுவிடம் சளி பிடித்திருக்கிறது, இஞ்சி கொதிக்கவைத்துக் குடி என்றான். பாங்கோவைப் பார்த்து, "மாமா, தும்மணும்னா தும்முங்க," என்றான். பாங்கோ துணியை வாயில் வைத்துக்கொண்டு விலகிப் போனான். பிறகு லெங்ஷுவின் பேச்சு குழறியது. பிறகு நின்றது. கண் செருகியது. மார்பு மட்டும் ஏறி இறங்கியது.

குழல்காரனுக்கு மட்டும் ஒரு முறை உண்டு. மற்றவர்களுக்கு மூச்சைப் பார்ப்போம். அவனுக்கு விரலைப் பார்ப்போம். குழல்காரன் போன பின்னும் விரல் கொஞ்ச நேரம் துளை தேடும் என்பார்கள். விரல் அசைகிறவரை மண் போடக் கூடாது.

குவே அவன் காதருகே ஆமையோட்டை ஆட்டினாள். கூழாங்கல் குலுங்கியது. எல்லோரும் அவன் வலக்கையைப் பார்த்தோம். விரல்கள் அசைந்தன. ஒன்று தூக்கியது, இறங்கியது. அடுத்தது.

"இன்னும் இருக்கு," என்றாள் குவே. மண்கூடையைக் கீழே வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆட்டினாள். விரல்கள் அசைந்தன. மூன்றாவது, முதலாவது, மறுபடி மூன்றாவது.

நான் குழியோரத்தில் நின்றிருந்தேன், என் வழக்கப்படி எல்லோரையும் விட முன்னால். அதனால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. யாமெய்யின் உள்ளங்கை அவன் கைக்கு அடியில் இருந்தது. அவள் விரல்கள் மண்ணுக்கும் அவன் விரல்களுக்கும் நடுவே இருந்தன. அவள் தூக்கினாள், அவன் விரல் எழுந்தது. அவள் தாழ்த்தினாள், விழுந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. எதிரே குழிச்சுவரைப் பார்த்துக்கொண்டு, நெல் பொறுக்குகிறவள் மாதிரி செய்துகொண்டிருந்தாள்.

பாங்கோ திரும்பி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அவதானே அசைக்கறா?" என்று கிசுகிசுத்தான்.

அவன் காலை மிதித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் முழங்கை இன்னொருவரை இடித்தது. அதற்குமேல் போகவில்லை. எங்கள் ஊரில் எதையும் ஒருவர் சொல்லாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை, நானே இருக்கிறேனே. அன்று யாரும் சொல்லவில்லை. வெயில் தலைக்கு மேல் வந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, யாரும் சாப்பிடவில்லை. குவே ஆமையோட்டை ஆட்டுவாள், விரல்கள் அசையும், "இன்னும் இருக்கு," என்பாள். அவளுக்கா தெரியாது? எத்தனை கைகளைப் பார்த்தவள். ஒருமுறை ஆட்டுவதற்குப் பதில் சும்மா நின்று, ஆட்டியதாகவே வைத்துக்கொண்டு, "இன்னும் இருக்கு," என்றாள்.

வெயில் சாய்ந்தபோது லெங்ஷு முனகினான். தலை ஒரு பக்கம் திரும்பியது. மது இறங்கிக்கொண்டிருந்தது. அவன் விழித்துக்கொண்டால் எல்லாம் முதலிலிருந்து, அவனும் பார்த்துக்கொண்டிருக்க. அது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. யாமெய்க்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் கை வேகமாக அசைந்தது. தப்புத் தப்பாக, எல்லா விரலையும் ஒன்றாக. காலையிலிருந்து அதே கை.

குவே ஆமையோட்டை இடுப்பிலிருந்து அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். கிண்ணத்தை நிறைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, அவனுக்கு மறுபுறம் உட்கார்ந்தாள். தலையைத் தூக்கி மடியில் வைத்து, துளித் துளியாக, சிந்தாமல் புகட்டினாள். அவன் அடங்கினான். பிறகு அவனுக்கு மேலாக எட்டி, யாமெய்யின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுத்திப் பிடிக்கவில்லை, காய்ச்சல்காரி கையைப் பிடிக்கிற மாதிரி.

விரல்கள் நின்றன.

"போதும்மா," என்றாள் குவே. "கை வலிக்கும்."